பதினான்காம் ஃப்ரேமின் மஞ்சள் துணி

1. மேஜையில் விரித்த துணி

மீட்டிங் ஹால் மேஜையின் மேல் இரண்டு மீட்டர் கருநீலத் துணி கிடந்தது. எங்கள் நூலை வாங்கி நெய்து, சாயம் போட்ட திருப்பூர் பார்ட்டி அனுப்பியது. துணியின் குறுக்கே விரல் அகலத்துக்கு வெளிறிய பட்டைகள். ஏதோ புது டிசைன் போல என்று ஒரு கணம் ரசித்துவிட்டேன். முப்பது வருடம் ஸ்பின்னிங் மில்லில் குப்பை கொட்டியவன் ரசிக்கக்கூடிய பட்டைகள் அல்ல அவை.

மில்லுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நாற்பதாம் நம்பர் நூலை உள்நாட்டுப் பஞ்சிலும் ஓட்டலாம், வெளிநாட்டுப் பஞ்சிலும் ஓட்டலாம். எந்தப் பஞ்சு என்பதைத்தான் நாங்கள் மிக்ஸிங் என்போம். வெள்ளையாக இருக்கும்வரை இரண்டு நூலும் ஒன்றுபோலவே இருக்கும். விரலில் உருட்டினாலும் தெரியாது, பேக்கிங்கில் ஊதா விளக்கில் காட்டினாலும் பல சமயம் தெரியாது. சாயத்தொட்டியில் இறங்கியதும் ஒன்று அதிகம் குடிக்கும், மற்றது குறைவாகக் குடிக்கும். இரண்டும் ஒரே துணியில் போய்விட்டால் பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும். மில்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

திருப்பூர்க்காரர் ஸ்பீக்கர் போனில் இருந்தார். கத்தவில்லை. "ஏனுங்க, நான் உங்களைய நூல் கேட்டனா, கோடு போட்ட நோட்டு கேட்டனா?" என்றார். வைத்துவிட்டார்.

எங்கள் ஜி.எம். மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கோயமுத்தூரில் பெரிய மில்லில் இருந்து வந்தவர். "யார் பண்ணினது? எனக்கு ஒரு பேர் வேணும்" என்றார்.

எப்படி நடந்தது என்று அவர் கேட்கவில்லை. யார் என்றுதான் கேட்டார். மூன்றாம் நாள் அந்தப் பெயரை நான் கொடுத்தேன். எங்கள் தொழிலுக்கு வரப்போகிற பிள்ளைகள், குறிப்பாகக் கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜ் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போய்ப் படிக்கிற எஞ்சினியர்கள், அதை நான் எப்படிக் கொடுத்தேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போது கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்குமேல் என் மேல்தான்.

2. பச்சோந்தியும் பலூனும்

அப்போது என் அறைக் கதவில் ஒரு பித்தளைப் பலகை இருந்தது. 'ஒத்துழைப்பு மற்றும் தகவமைவு ஒருங்கிணைப்பாளர்'. பலகையின் நீளத்துக்குக் கதவு போதவில்லை, இரண்டு வரியாக வெட்டி எழுதினார்கள். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமில் சூப்பர்வைசராக இருந்தவனை ஜி.எம். பிடித்து அந்த நாற்காலியில் போட்டார். நான் புத்தகம் படிக்கிறவன், மைக்கைக் கொடுத்தால் திக்காமல் பேசுவேன் என்பது காரணம். ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் கால் நூற்றாண்டாக எடுத்துப் படித்த புத்தகங்கள் எல்லாம் கடைசியில் இந்த வேலைக்குத்தான் உதவின.

சென்னையிலிருந்து ஒரு ட்ரெய்னர் வந்தார். ஆளுக்கொரு டீ-ஷர்ட் கொடுத்தோம். சேலைக்கு மேல் அதை எப்படிப் போடுவது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. தகவமைவு என்றால் என்ன என்று விளக்க அவர் திரையில் ஒரு பச்சோந்தியைக் காட்டினார். முன்வரிசையில் இருந்த பேச்சியம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பு. என்னவென்று ட்ரெய்னர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். எங்க கூமாப்பட்டியில ஒருத்தன வையணும்னா இதச் சொல்லித்தான் வைவோம்."

பேச்சியம்மாள் சைடர். ஓடுகிற ஃப்ரேமில் அறுந்த இழையை ஒட்டுகிற வேலை. எங்கள் மில்லில் அவளுக்கு இணையான கை இன்னொன்றுதான் உண்டு. அது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற மும்தாஜ். இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது. கம்பெனி பஸ்ஸில் ஒரு ஜன்னல் சீட்டில் ஆரம்பித்த சண்டை. பஸ்ஸை அத்திகுளம் பக்கம் நிறுத்தி டிரைவர் இறங்கி ஓடும் அளவுக்குப் போனது. அன்றிலிருந்து ஒருத்தி காலை ஷிஃப்ட் என்றால் மற்றவள் மதிய ஷிஃப்ட் என்று மாற்றிப் போட்டோம். ஷிஃப்ட் முறை திரும்பும்போது இருவரும் ஒன்றாகத் திரும்புவார்கள், வெயிலும் நிழலும் மாதிரி.

இது தெரியாத ட்ரெய்னர் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார். நடுவில் ஒரு பலூன். கையால் தொடாமல் இருவரும் சேர்ந்து அதை ஹாலின் மறுகோடிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருத்தி கிழக்கே பார்த்து நின்றாள், ஒருத்தி மேற்கே பார்த்து நின்றாள். பலூன் தரையில் கிடந்தது. ட்ரெய்னர் தன் அறிக்கையில் 'ரிங் ஃப்ரேம் பிரிவில் ஒத்துழைப்பு கவலைக்கிடம்' என்று எழுதினார். கீழே ஒருங்கிணைப்பாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

கவலைக்கிடமாக இருந்தது என்ன என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். இருபது வருடம் அந்த ஃப்ரேம்களுக்கு நடுவில்தான் நடந்திருக்கிறேன்.

3. துணி கட்டுகிற வழக்கம்

முன்பெல்லாம் ஒரு ஃப்ரேமில் ஒரு நூலைப் போட்டால் ஆறு மாதம் அதுவேதான் ஓடும். இப்போது ஆர்டர் வருகிற வேகத்தில் வாரத்துக்கு மூன்று தடவை மிக்ஸிங் மாறுகிறது. மாற்றுவது என்றால் ஃப்ரேமை நிறுத்தி, மேலே வரிசையாகத் தொங்குகிற, பஞ்சுத்திரி சுற்றிய ரோவிங் பாபின்களை எல்லாம் இறக்கி, வேறு பஞ்சில் செய்த பாபின்களை ஏற்ற வேண்டும். நூல் சுற்றும் ஸ்பிண்டில் ஆயிரத்துக்குமேல் உள்ள நீளமான ஃப்ரேம். ஒரு ஷிஃப்டில் பாதி மாற்றியிருக்கும்போதே மணி அடித்துவிடும்.

ஒவ்வொரு மிக்ஸிங்குக்கும் ஒவ்வொரு நிறத்தில் பாபின் வாங்கியிருந்தால் கதையே இல்லை. பர்ச்சேஸ் பிரிவு எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை நிறத்தில் வாங்கிப் போட்டது. "ரெண்டும் நாற்பதுதானே சார்" என்றார்கள். கேட்டுவிட்டு நானும் தலையாட்டினேன்.

அந்த ஓட்டையைப் பெண்கள்தான் அடைத்தார்கள். வீட்டிலிருந்து பழைய சேலையைக் கிழித்துக் கொண்டுவந்தார்கள். எந்த ஸ்பிண்டில் வரைக்கும் புதுப் பாபின் ஏற்றியிருக்கிறதோ அந்த இடத்தில், மேலே உள்ள கம்பியில், ஒரு மஞ்சள் துணி. அடுத்த ஷிஃப்ட்காரி வந்து துணியைப் பார்ப்பாள், அங்கிருந்து தொடர்வாள், முடிந்ததும் அவிழ்த்துத் தன் இடுப்பில் செருகிக்கொள்வாள். துணி இல்லாமல் ஃப்ரேம் நின்றால் முழுக்க மாற்றியாயிற்று, ஓட்டலாம் என்று பொருள்.

யார் ஆரம்பித்தது என்று தெரியாது. யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. மூன்று வருடம் முகம் பார்க்காத இரண்டு பெண்கள் இந்தத் துணியை வைத்து ஒருவரை ஒருவர் நம்பி வேலை செய்தார்கள். ஒருத்தி கட்டியதை மற்றவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. பலூன் விளையாட்டில் இதற்கு மார்க் கிடையாது.

4. தேவையற்ற பொருட்கள்

பிறகு ஃபைவ்-எஸ் வந்தது. இடத்தைச் சுத்தமாக வைப்பதற்கான ஜப்பான்காரர்களின் முறை. முறையின் மேல் தப்பில்லை. அது வந்து சேர்ந்த கையின் மேல்தான் தப்பு, அந்தக் கை என்னுடையது.

ஆடிட்டர்கள் வருகிற அன்று ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, ஃப்ரேமில் துணியெல்லாம் தொங்குகிறதே, வேண்டுதல் மரம் மாதிரி இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார். 'முன்', 'பின்' என்று படமும் எடுத்து போர்டில் போடச் சொன்னார்.

அது எதற்குக் கட்டியது என்று நான் அவருக்குச் சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம் போதும். ஆடிட்டர்கள் கேட்டைத் தாண்டிவிட்டார்கள், டீ ஆறிக்கொண்டிருந்தது, என் கழுத்தில் புது ஐடி கார்டு தொங்கியது. மாலைக்குள் பெண்களிடம் சொல்லி வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். மாலையில் ஆடிட்டர்களோடு பால்கோவா வாங்கப் போய்விட்டேன்.

மதியம் மூன்றே கால் இருக்கும். காலை ஷிஃப்ட் பஸ் ஏறப் போய்க்கொண்டிருந்தது. கார்டு பஞ்ச் செய்த பிறகு யாரும் டிபார்ட்மெண்டில் நிற்கக் கூடாது, அடுத்த ஷிஃப்ட் மணி அடித்துத்தான் உள்ளே வர வேண்டும் என்று புது விதி. நடுவில் கால் மணி நேரம் ஆளே இருக்காது. அந்த நேரத்தில் நான் ஒரு கையில் சாக்கும் ஒரு கையில் போனுமாக ஃப்ரேம் ஃப்ரேமாகப் போனேன். துணியைப் பிடித்தபடி ஒரு படம், அவிழ்த்த பிறகு ஒரு படம். மொத்தத்தையும் சாக்கில் போட்டு, 'தேவையற்றவை' என்று எழுதி, வேஸ்ட் குடோனுக்கு அனுப்பினேன். ஆடிட்டர்கள் ரொம்பத் திருப்தி.

5. ஐந்து 'ஏன்'

கருநீலத் துணி வந்தது அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்து.

தவறு நடந்தால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டு வேரைக் கண்டுபிடிப்பது ஒரு முறை. நல்ல முறை, ஒழுங்காகக் கேட்டால். நான் இப்படிக் கேட்டேன். துணியில் பட்டை ஏன்? மிக்ஸிங் கலந்ததால். ஏன் கலந்தது? பதினான்காம் ஃப்ரேமில் பாதி பழைய பாபினோடு ஓட்டியதால். ஏன் ஓட்டினார்கள்? மாற்றம் முடிந்தது என்று ஃப்ரேமில் மாட்டியிருக்கும் டேப்லெட்டில் டிக் அடித்திருப்பதால். ஏன் டிக் அடித்தார்? சரிபார்க்காததால். ஏன் சரிபார்க்கவில்லை? கவனக்குறைவு.

அன்று மதிய ஷிஃப்டில் டிக் அடித்தது மும்தாஜ். டிக் அடிக்காமல் அந்த டேப்லெட் ஃப்ரேமை ஓட்டவே விடாது என்பதை நான் எழுதவில்லை. அறிக்கை திருப்பூருக்கும் போனது, நோட்டீஸ் போர்டிலும் ஏறியது. மும்தாஜ் கான்ட்ராக்ட் ஆள், அதனால் நோட்டீஸ், விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னால் போதும். சொன்னவனும் நான்தான்.

அவள் அழவில்லை. "துணி இல்ல சார். துணி இல்லைன்னாத்தான் ஓட்டுவோம்" என்றாள். அதையே இரண்டு தடவை சொன்னாள். பிறகு டீ-ஷர்ட்டை மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அப்போதே உறைத்தது. உறைக்கவில்லை என்று எழுதினால் என் மரியாதை கொஞ்சம் மிஞ்சும், ஆனால் அது பொய். எந்த ஃப்ரேமிலிருந்து எதை அவிழ்த்தேன் என்று சரியாக ஞாபகம் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். நன்றாகவே இருந்தது டீ.

6. முன், பின்

நான்காம் நாள் காலை பேச்சியம்மாள் என் அறைக்கு வந்தாள். கதவில் இருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"சார், அன்னைக்குக் காலை ஷிஃப்டு நான். பதினாலுல பாதி மாத்திட்டு மஞ்சத்துணி கட்டிட்டுத்தான் போனேன்."

"இப்ப அதச் சொல்லி என்னம்மா ஆகப்போவுது?"

"அவ எனக்கு ஆகாதவதான். எதுத்தாப்புல வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுவேன். ஆனா துணி கிடந்தா அவ ஓட்ட மாட்டா. அதை எவன் அவுத்தான்னு எனக்குத் தெரியணும்."

ஆடிட் நாளில் நிறையப் பேர் வந்து போனார்கள், இப்போது கண்டுபிடிக்க முடியாது என்றேன்.

"எதுக்குக் கண்டுபிடிக்கணும்? போர்டுல ஒட்டிக் கிடக்கே. செத்த நேரம் வந்து பாருங்க."

கேன்டீனுக்குப் போகிற வழியில் இருந்த நோட்டீஸ் போர்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று வாரமாக நானூறு பேர் தாண்டிப்போன போர்டு. இடப்பக்கம் 'முன்' என்று ஒரு வண்ணப்படம். ஃப்ரேம் நம்பர் பதினான்கு, வெள்ளைப் பெயின்டில் தெளிவாகத் தெரிகிறது. பாதி நீளத்தில் கம்பியில் மஞ்சள் துணி. அதைப் பிடித்திருக்கிற ஒரு கை. கையில் என் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச். மணி மூன்று பதினெட்டு. நான்கு அங்குலம் தள்ளி, அதே போர்டில், மும்தாஜின் பெயரோடு என் அறிக்கை.

பேச்சியம்மாள் படத்தைப் பார்த்தாள், என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"எம்புட்டுப் படிச்சவிய நீங்க" என்றாள். திரும்பிப் போனாள். பஞ்ச் செய்ய நேரமாகிவிட்டது.

இத்தனை வருடத்தில் மெமோ வாங்கியிருக்கிறேன், முதலாளியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அந்த மூன்று வார்த்தை போட்ட போடு எதுவும் போட்டதில்லை.

7. ஆறாவது 'ஏன்'

என் போனில் இருந்த அதே படத்தோடு ஜி.எம்.மிடம் போனேன். அவர் கூர்ந்து பார்த்தார். கெட்டவர் இல்லை, புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"விடுங்க சார். ரிப்போர்ட் கஸ்டமருக்குப் போயாச்சு. இப்ப ரூட் காஸை மாத்தினா நம்ம சிஸ்டத்தையே சந்தேகப்படுவாங்க. ஆறு மாசம் கழிச்சு அந்தம்மாவை வேற பேர்ல ரோல்ல சேர்த்துக்கலாம். கொஞ்சம் ஃப்ளெக்ஸிபிளா இருங்க."

நான்தான் வருடம் முழுக்க அந்தச் சொல்லுக்கு வகுப்பு எடுத்தவன். ஷிஃப்ட் மாறினால் வளைய வேண்டும், மிஷின் மாறினால் வளைய வேண்டும், மெயினருவியில் குளிக்கிறவன் மாதிரி தலையைக் குனிந்து நிற்க வேண்டும் என்றெல்லாம் பேசியிருக்கிறேன். வளைகிறவள் எப்போதும் மும்தாஜாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த ஸ்லைடிலும் போடவில்லை. அப்படித்தான் நடந்தது. பாபின் நிறம் மாறவில்லை, டேப்லெட் மாறவில்லை, அறிக்கை மாறாதாம். ஒரு பெண்ணின் பெயர் மட்டும் மாறிக்கொள்ளலாம்.

நான் அறைக்கு வந்து அறிக்கையைத் திறந்தேன். ஐந்தாவதை அழித்தேன். ஏன் சரிபார்க்கவில்லை? எல்லை காட்டும் துணி இல்லாததால். கீழே ஆறாவதாக ஒன்று சேர்த்தேன். துணி ஏன் இல்லை? அது எதற்குக் கட்டியது என்று தெரிந்திருந்தும் நான் அவிழ்த்துச் சாக்கில் போட்டதால். கையெழுத்து, பதவிப் பெயர் முழுக்க. அதைத் திருப்பூருக்கு மெயிலில் அனுப்பிவிட்டு ஜி.எம்.முக்கு ஒரு நகல் அனுப்பினேன். வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பட்டனை அழுத்தும் முன் நாற்பது நிமிடம் பாத்ரூமுக்கும் மேஜைக்கும் நடந்தேன்.

மறுநாள் திருப்பூர்க்காரர் என் போனுக்கே கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் எந்த மில்லும் தப்பு பண்ணினது ஆபீஸர்தான் என்று எழுதி அவர் பார்த்ததில்லையாம். "நூலு அப்புறமுங்க. மொதல்ல அந்தம்மாளக் கூப்பிட்டுச் சேருங்க, பொறவு ஆர்டரப் பத்திப் பேசலாம்" என்றார். அவர் 'பொறவு' என்று சொன்னாரா, நான் அப்படிக் கேட்டுக்கொண்டேனா என்று தெரியவில்லை. ஆர்டர் என்ற சொல் ஜி.எம்.மை வளைத்தது. நியாயம் என்ற சொல்லால் ஆகாதது அது.

8. மாட்டினால் வருவேன்

கம்பெனி லெட்டரை எடுத்துக்கொண்டு மும்தாஜ் வீட்டுக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடை. வாசலில் நிற்க வைத்தே லெட்டரைப் படித்தாள். உட்காரச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"எம் பேரு போர்டுல இருந்துச்சு சார். எந் தம்பி மில்லுக்குப் பஞ்சு லோடு எறக்க வந்தப்போ அதப் படிச்சிட்டு வந்து வீட்ல சொன்னான். நீங்க எழுதுன இந்தப் புதுசையும் அதே இடத்துல மாட்டுங்க. மாட்டுனா வாரேன்."

அந்த போர்டு நல்ல செய்திகளுக்கு மட்டும் என்று ஜி.எம். சொல்லிவிட்டார். அப்படியானால் அவள் பெயரைப் போட்டது என்ன நல்ல செய்தி என்று கேட்டேன். நானே நாலு பின் எடுத்துப்போய் மாட்டினேன், 'முன்' படத்துக்கு நேர் கீழே. அடுத்த திங்கள்கிழமை மும்தாஜ் வந்தாள். அந்த வாரமே என் கதவுப் பலகை கழன்றது. நான் வேஸ்ட் குடோனுக்கு மாற்றப்பட்டேன். ஒரு வரிப் பதவி, கதவே கிடையாது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. துணிக்குப் பதிலாக மஞ்சள் அட்டையை லேமினேட் செய்து, கொக்கி வைத்து, அதற்கு ஆங்கிலத்தில் ஒரு நீளப் பெயரும் வைத்தார்கள். மதுரையில் ஒரு ஹோட்டலில் நடந்த விழாவில் எங்கள் மில்லுக்குச் சிறந்த ஒத்துழைப்புக்கான கேடயம் கிடைத்தது. ஜி.எம். வாங்கினார். ட்ரெய்னர் பக்கத்தில் நின்றார். பேச்சியம்மாளும் மும்தாஜும் அன்று வழக்கம்போல ஷிஃப்ட் பார்த்தார்கள். அப்படி ஒரு விழா நடந்தது என்று வாட்ஸ்அப்பில் பார்த்துத்தான் அவர்களுக்குத் தெரியும். அந்தப் படமும் இப்போது போர்டில் இருக்கிறது. அதை மாட்ட இடம் வேண்டும் என்று என் ஆறாவது 'ஏன்'ஐக் கழற்றிவிட்டார்கள்.

இளைய எஞ்சினியர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். நீங்கள் போகிற தொழிற்சாலையில் நீங்கள் போவதற்கு முன்பே ஆட்கள் ஒத்துழைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். அது அழுக்காக இருக்கும், கந்தலாகத் தொங்கும், மேனுவலில் இருக்காது. எதையும் அவிழ்க்கும் முன் இதை யார் யாருக்காகக் கட்டியது என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் கையையாவது பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ச் கட்டிய கையாக இருந்தால் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

லேமினேட் அட்டை பஞ்சுத் தூசியில் ஒரே மாதத்தில் வெளுத்துவிட்டது, கொக்கியும் ஃப்ரேம் அதிர்வில் கழன்று விழுகிறது. போன வாரம் மதியம் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் பேச்சியம்மாள் குடோன் வாசலில் வந்து நின்றாள்.

"சார், அன்னைக்கு ஒரு சாக்கு அனுப்புனீகளே. கிடக்கா, எரிச்சாச்சா?"

கிடந்தது. 'தேவையற்றவை' என்ற என் கையெழுத்தோடு மூலையில் கிடந்தது. பிரித்துக் கொடுத்தேன். மஞ்சளாகப் பார்த்து இரண்டு எடுத்தாள். ஒன்றை இடுப்பில் செருகினாள்.

"இது அவளுக்கு" என்று மற்றதை என் கையில் கொடுத்தாள். "நீங்களே குடுத்துருங்க. எனக்கும் அவளுக்கும் பேச்சு கிடையாது."